பயறு பாஸ்தாவில் பயறின் எந்தப் பகுதி இருக்கிறது?

சிங்கப்பூர்த் தமிழர் வீடுகளில் நீரிழிவைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அடுத்த வாக்கியம் சோற்றைப் பற்றியதாகத்தான் இருக்கும். அதற்கடுத்து யாராவது ஒருவர் சோற்றுக்கு மாற்று ஒன்றைச் சொல்வார். ஒரு காலத்தில் அது ஓட்ஸ்; பிறகு கீன்வா, சிறுதானியம். இப்போது பயறு பாஸ்தாவின் முறை, அதாவது கோதுமைக்குப் பதில் பயறு மாவில் செய்த பாஸ்தா.

"சாதாரண பாஸ்தா மைதா, இது பருப்பு; எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்கிறார் ஒருவர். "பாசிப்பயறில் செய்யும் தங்ஹூன் என்ற கண்ணாடி நூடுல்ஸ் இங்கேயே மலிவாகக் கிடைக்கிறதே, இதை ஏன் வாங்க வேண்டும்?" என்று கேட்கிறார் இன்னொருவர். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் இளைஞரோ கொண்டைக்கடலைப் பாஸ்தாவைக் கையில் வைத்துக்கொண்டு தான் 'லோ கார்ப்', அதாவது கார்போஹைட்ரேட் மிகக் குறைந்த, உணவு முறையில் இருப்பதாகச் சொல்கிறார். மூவருமே தவறிவிடுகிறார்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையில்.

இதில் குழப்பம் இருக்கக்கூடாது என்பதற்கு நமக்குக் கூடுதல் காரணம் உண்டு. 2016 ஏப்ரலில் அப்போதைய சுகாதார அமைச்சர் கான் கிம் யோங் நாடாளுமன்றத்தில் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தார். அடுத்த ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், 60 வயதைக் கடந்த இந்தியர்களில் பத்தில் ஆறு பேருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னார். அந்த ஆறு பேரில் ஒருவர் நம் வீட்டிலும் இருக்கக்கூடும். அவருக்காகத்தான் பெரும்பாலும் இந்தப் பொட்டலம் வாங்கப்படுகிறது.

ஒரு பயறுக்குள் என்ன இருக்கிறது

பயறு என்பது விதை. முளைத்து, இலை விட்டு, வெயிலிலிருந்து தானே உணவு தயாரிக்கும்வரை செடிக்குத் தேவையான சேமிப்பு முழுவதும் அதற்குள் இருக்கிறது. உடலைக் கட்டுவதற்குப் புரதம். எரிபொருளுக்கு மாவுச்சத்து அல்லது எண்ணெய். சுவர்களாகவும் தோலாகவும் நார்ச்சத்து.

இந்தச் சொற்களை ஒருமுறை தெளிவாக்கிக்கொள்வோம். கார்போஹைட்ரேட் என்பது ஒரு குடும்பத்தின் பெயர். சர்க்கரை, மாவுச்சத்து, நார்ச்சத்து மூன்றும் அதில் அடங்கும். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் நீளமாகக் கோக்கப்பட்ட சங்கிலி. நம் குடல் அதை வெட்டிச் சர்க்கரையாக இரத்தத்துக்கு அனுப்பும். நார்ச்சத்தும் பெரும்பாலும் அப்படிப்பட்ட சங்கிலிதான். ஆனால் அதை வெட்டும் கருவி நம் உடலில் இல்லை. அதனால் அது இரத்தச் சர்க்கரையாக மாறாமல் பெருங்குடல்வரை போகிறது.

முக்கியமான இடம் எரிபொருள்தான். கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு, பாசிப்பயறு, உளுந்து ஆகியவை எரிபொருளை மாவுச்சத்தாகச் சேமிக்கின்றன. சோயா அப்படியல்ல. அது எண்ணெயாகச் சேமிக்கிறது. முற்றிய சோயாவில் மாவுச்சத்து மிகக் குறைவு. பார்வைக்கு இரண்டும் பயறுதான். இரத்தச் சர்க்கரையைப் பொறுத்தவரை இரண்டும் வெவ்வேறு உணவுகள். 'பயறு பாஸ்தா' என்ற ஒரே பெயரில் இவை இரண்டையும் அடக்கிப் பேசுவதில்தான் முதல் குழப்பம் தொடங்குகிறது.

தங்ஹூனும் தௌகுவாவும்

இரண்டாவது குழப்பம், பயறை முழுதாக அரைக்கிறார்களா, பிரித்தெடுக்கிறார்களா என்பது.

தங்ஹூன் செய்யும்போது பாசிப்பயறை ஊறவைத்து அரைத்து, தண்ணீரில் கரைத்து, அடியில் படியும் வெள்ளை மாவுச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். புரதம் தண்ணீரோடு போய்விடுகிறது. நார் வடிகட்டியில் தங்கிவிடுகிறது. மிச்சமிருப்பது கண்ணாடிபோல் தெளிந்த இழை. உலர்ந்த தங்ஹூன் 100 கிராமில் 85 கிராமுக்கு மேல் கார்போஹைட்ரேட். புரதம் ஒரு கிராமைக்கூட எட்டுவது அரிது. சாதாரணக் கோதுமைப் பாஸ்தாவில்கூட 12, 13 கிராம் புரதம் உண்டு. "பாசிப்பயறில் செய்தது" என்பது உண்மைதான், ஆனால் பாசிப்பயறு என்றதும் நாம் எதை நினைத்துக்கொள்கிறோமோ அது அங்கே இல்லை.

தௌகுவா என்ற கெட்டியான சோயாக் கட்டியின் கதை இதற்கு நேரெதிர். சோயாவை அரைத்துப் பாலெடுத்து, சக்கையை நீக்கி, பாலைத் திரியவைத்து அழுத்துகிறார்கள். புரதமும் எண்ணெயும் கட்டியாகச் சேர்கின்றன; நாரின் பெரும்பகுதி சக்கையோடு வெளியேறிவிடுகிறது.

பயறு பாஸ்தா இவை இரண்டுக்கும் இடைப்பட்டது. தோல் நீக்கியோ நீக்காமலோ பயறை அப்படியே மாவாக்கி அச்சில் பிழிகிறார்கள். எனவே பருப்பிலோ கடலையிலோ என்ன இருந்ததோ ஏறக்குறைய அதுவே அதன் பாஸ்தாவிலும் இருக்கும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பயறின் பெயரைக் கேட்டதும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். எந்தப் பயறு? அதன் எந்தப் பகுதி?

பொட்டலத்தின் பின்பக்கம்

இனி எண்களைப் பார்க்கலாம். எல்லாம் வேகவைப்பதற்கு முன் 100 கிராமுக்கு. பிராண்டுக்குப் பிராண்டு சற்று மாறும்.

துரும் கோதுமைப் பாஸ்தாவில் செரிக்கக்கூடிய கார்போஹைட்ரேட் சுமார் 70 கிராம், புரதம் 12 அல்லது 13, நார் 3. மைசூர்ப் பருப்புப் பாஸ்தாவில் கார்போஹைட்ரேட் சுமார் 50, புரதம் 25, நார் 10க்கு மேல். கொண்டைக்கடலைப் பாஸ்தாவும் கிட்டத்தட்ட அதே வரிசைதான். புரதம் 20 அளவில் நிற்கும். எடமாமே எனப்படும் பச்சைச் சோயாவிலோ கறுப்புச் சோயாவிலோ செய்த பாஸ்தா இந்த வரிசையிலேயே சேராது: புரதம் 40க்கு மேல், நார் 20 அளவில், செரிக்கக்கூடிய கார்போஹைட்ரேட் சுமார் 15தான்.

ஒருவர் சாப்பிடும் அளவாக 75 கிராம் உலர் பாஸ்தாவை எடுத்துக்கொண்டால் கோதுமையில் 53 கிராம் கார்போஹைட்ரேட், பருப்பில் 37, சோயாவில் 11. நடுத்தரக் கிண்ணம் ஒன்றில், அதாவது 200 கிராம் வெந்த சோற்றில், சுமார் 55 கிராம் இருக்கும். ஆக, மைசூர்ப் பருப்புப் பாஸ்தாவுக்கு மாறுகிறவர் கார்போஹைட்ரேட்டை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறார். அது நல்ல மாற்றம்தான். ஆனால் அதை 'லோ கார்ப்' என்று சொல்வது மிகை. அந்தப் பெயருக்குத் தகுதி சோயாப் பாஸ்தாவுக்கு மட்டுமே உண்டு.

கலோரியில் பெரிய வித்தியாசமே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கோதுமை 100 கிராமில் 350 அளவு என்றால், பயறு வகைகள் அதற்குச் சற்றுக் கீழேதான் நிற்கின்றன. குறைந்த மாவுச்சத்தின் இடத்தைப் புரதம் பிடித்துக்கொள்கிறது. புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி உண்டு. "எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்று சொல்பவர் இந்த ஒரு வரியைப் படித்தால் போதும்.

அடுத்து, பலரைக் கவிழ்க்கும் ஒரு கணக்கு. 'நெட் கார்ப்' என்று ஒன்றைப் பற்றிப் படித்திருப்பீர்கள்: மொத்த கார்போஹைட்ரேட்டிலிருந்து நாரைக் கழித்தால் கிடைப்பது, அதாவது நிகர கார்போஹைட்ரேட். இந்தக் கழித்தல் அமெரிக்கப் பொட்டலங்களுக்குத்தான் பொருந்தும். அங்கே 'டோட்டல் கார்போஹைட்ரேட்' என்ற எண்ணுக்குள் நாரும் அடக்கம். ஐரோப்பிய, ஆஸ்திரேலியப் பொட்டலங்களில் கார்போஹைட்ரேட் என்ற எண்ணிலேயே நார் சேர்வதில்லை. அது தனி வரியில் வருகிறது. சிங்கப்பூர்ப் பேரங்காடியில் இரண்டும் ஒரே அடுக்கில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒரே மாதிரியான சோயாப் பாஸ்தாவுக்கு அமெரிக்கப் பொட்டலம் 36 கிராம் என்று காட்டும். ஐரோப்பியப் பொட்டலம் 16 என்று காட்டும். இரண்டாவதிலிருந்தும் 20 கிராம் நாரைக் கழித்துப் பாருங்கள், விடை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும்! அமெரிக்கப் பொட்டலத்தை அடையாளம் காண்பது எளிது: கார்போஹைட்ரேட் வரிக்கு நேர் கீழே, சற்று உள்தள்ளி, அதன் பகுதியாக நார் அச்சிடப்பட்டிருக்கும்.

முன்பக்கத்துப் பெரிய எழுத்துகளை நம்பாமல் பொருள்பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். எடை அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது இங்குள்ள விதி. முதல் பெயர் கோதுமை ரவையாகவும் மூன்றாவதோ நான்காவதோ பட்டாணிப் புரதமாகவும் இருந்தால், அது புரதம் சேர்த்த கோதுமைப் பாஸ்தா. பச்சை நிறமும் பயறுப் படமும் அதை மாற்றிவிடாது.

அது ஏன் உடைகிறது

வாங்கியவர்களின் முதல் புகார் பெரும்பாலும் சுவையைப் பற்றியதாக இருக்காது. "கொதிக்க வைத்தேன், கூழாகிவிட்டது" என்பார்கள். காரணம் நம் சமையலறையிலேயே இருக்கிறது.

சப்பாத்தி மாவை இழுத்தால் நீள்கிறது. கடலை மாவைப் பிசைந்து இழுத்தால் பிய்ந்துவிடுகிறது. கோதுமையில் கிளையடின், குளூட்டெனின் என்ற இரண்டு புரதங்கள் தண்ணீர் பட்டதும் ஒன்றோடொன்று பின்னி இழுபடும் வலையாகின்றன. அந்த வலைக்குப் பெயர் குளூட்டன். பாஸ்தா வேகும்போது மாவுச்சத்து மணிகள் தண்ணீரைக் குடித்து உப்புகின்றன. குளூட்டன் வலை அவற்றை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. இதற்காகவே புரதம் அதிகமுள்ள துரும் கோதுமையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இத்தாலியில் உலர் பாஸ்தாவைத் துரும் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று 1967 முதல் சட்டமே இருக்கிறது. அது ரவை. மைதா என்பது தவறான தகவல்.

பயறில் புரதம் கோதுமையைவிட அதிகம். ஆனால் அது உருண்டையான சேமிப்புப் புரதம்; வலை பின்னாது. ஓமப்பொடி மாவை அச்சில் பிழிந்து எண்ணெயில் விட்டால் இறுகி நிற்கிறது. அதையே கொதிக்கும் தண்ணீரில் விட்டால் எளிதில் உதிர்ந்துவிடும். அப்படியென்றால் பயறு பாஸ்தா தண்ணீரில் எப்படி நிற்கிறது? இடியாப்பத்தை நினைத்துப் பாருங்கள். அரிசியிலும் குளூட்டன் கிடையாது. அதனால்தான் பச்சைத் தண்ணீரில் பிசையாமல் வெந்நீர் ஊற்றிப் பிசைகிறோம். வெந்நீர் பட்டதும் மாவுச்சத்தில் ஒரு பகுதி உடனே வெந்து பசையாகி, மீதி மாவை ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. பயறு பாஸ்தா ஆலையில் நடப்பதும் இதுதான். மாவை நீராவியிலோ சூடான அச்சுக் குழாயிலோ பாதி வேகவைத்து, பசையாக்கி, பிழிந்து, உலர்த்துகிறார்கள். சில நிறுவனங்கள் உறுதிக்காக மரவள்ளி மாவோ சாந்தன் கம் என்ற பிசினோ சேர்க்கின்றன.

பயறு மாவுச்சத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது. மாவுச்சத்துச் சங்கிலியில் இரண்டு வகை உண்டு: கிளைவிட்டுப் பரந்தது ஒன்று, நேராக நீள்வது மற்றொன்று. நேரான வகைக்கு அமைலோஸ் என்று பெயர். பயறில் அது கோதுமையில் இருப்பதைவிட அதிகம். ஆறும்போது நேரான சங்கிலிகள் அடுக்கடுக்காக நெருங்கி இறுகுகின்றன. தங்ஹூன் சூப்பில் கிடந்தும் கரையாததன் இரகசியம் இதுவே.

சுருங்கச் சொன்னால், கோதுமைப் பாஸ்தாவைப் பிடித்து நிறுத்துவது புரத வலை. பருப்பு, கடலைப் பாஸ்தாவைப் பிடித்து நிறுத்துவது முன்னமே வெந்த மாவுச்சத்துப் பசை; மாவுச்சத்து குறைந்த சோயாவுக்கு இந்த விளக்கம் பொருந்தாது. பசைக்கு வலையின் பொறுமை கிடையாது. இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொதித்தால் விட்டுக்கொடுத்துவிடும்.

இரத்தச் சர்க்கரை: கோதுமைப் பாஸ்தா அவ்வளவு கெட்டதா?

உணவு எவ்வளவு வேகமாக இரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது என்பதைச் சுத்தமான குளுக்கோஸை 100 என்று வைத்து அளக்கும் எண்ணுக்குக் கிளைசீமிக் குறியீடு என்று பெயர். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய குழுவும் 1981இல் இதை முன்வைத்தார்கள். 55 வரை இருந்தால் குறைவு, 70 அல்லது அதற்கு மேல் என்றால் அதிகம்.

சாதாரணக் கோதுமை ஸ்பகெட்டி, குழையவிடாமல் வேகவைத்தால், பெரும்பாலான சோதனைகளில் 55ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ வருகிறது. அதே குளூட்டன் வலைதான் இங்கேயும் காவல். செரிமான நொதிகள் மாவுச்சத்தை எட்ட நேரமாகிறது. நாம் அன்றாடம் வடிக்கும் மல்லிகை அரிசிச் சோறு 70ஐத் தாண்டிவிடும். ஆகவே அந்தச் சோற்றிலிருந்து சாதாரணக் கோதுமைப் பாஸ்தாவுக்கு மாறினாலே வேகம் குறையும். அதற்காக விலை அதிகமான பொட்டலம்தான் வேண்டும் என்பதில்லை.

பயறு பாஸ்தா இதைவிடவும் மெதுவானது. கார்போஹைட்ரேட் குறைவு, நார் அதிகம், அமைலோஸ் அதிகம், போதாததற்குப் புரதம் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. ஆனால் பயறு பாஸ்தாவை மட்டும் புகழ்பவர்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது: முழுப் பயறு அதைவிட மேல். முழுக் கொண்டைக்கடலையில் மாவுச்சத்து மணிகள் செல் சுவர்களுக்குள் அடைபட்டிருக்கின்றன. வெந்த பிறகும் அந்தச் சுவர்களில் பல உடைவதில்லை. மாவாக அரைக்கும்போது அவை நொறுங்கிவிடுகின்றன. சத்துப் பட்டியலில் சுண்டலும் கடலைப் பாஸ்தாவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். குடலுக்குள் சுண்டல் மெதுவாகப் போகிறது. இந்த வித்தியாசத்தை எந்தப் பொட்டலமும் அச்சிடுவதில்லை.

விலையையும் பார்க்க வேண்டும். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் பஃபலோ சாலைக் கடைகளில் கிலோ கணக்கில் வாங்கும் மைசூர்ப் பருப்போடு ஒப்பிட்டால், அதே பருப்பு பாஸ்தா வடிவத்தில் பல மடங்கு விலை கேட்கிறது. தினமும் பருப்பும் சுண்டலும் சாப்பிடுகிற வீட்டுக்கு இது அவசியமில்லை என்பதே என் கருத்து. பருப்பை ஒதுக்கி நூடுல்ஸை மட்டும் உள்ளே தள்ளும் பதின்ம வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கோ, மீ என்கிற நூடுல்ஸ் இல்லாமல் இருக்க முடியாத நீரிழிவுக்காரருக்கோ நிச்சயம் பயன்படும்.

புரதத்தின் தரம், தட்டில் அதன் இடம்

புரதங்கள் அமினோ அமிலங்கள் என்ற துண்டுகளால் ஆனவை. அவற்றில் ஒன்பதை நம் உடலால் செய்துகொள்ள முடியாது. உணவில் வந்தாக வேண்டும். தானியத்தில் லைசின் என்ற துண்டு குறைவு. பயறில் அது தாராளம், ஆனால் மெத்தியோனின் குறைவு. சோறும் பருப்பும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. பயறு பாஸ்தாவை மட்டுமே புரதமாக நம்பினால் அந்தச் சிறு குறை நிற்கும். கொஞ்சம் முட்டையோ சீஸோ மீனோ, நாளின் வேறொரு வேளையில் ஏதாவது தானியமோ இருந்தால் போதும். சோயாவுக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை. தாவரப் புரதங்களில் அது முட்டை, பாலின் தரத்தை நெருங்குகிறது.

சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 'மை ஹெல்தி பிளேட்' படத்தில் தட்டின் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு முழுத்தானியம், கால் பங்கு இறைச்சி, மீன், பயறு வகைகள். பயறு பாஸ்தாவை எந்தக் கால் பங்கில் வைப்பது? நான் தானியத்தின் இடத்தில் வைப்பேன். வைத்துவிட்டு, கோழியின் அளவைப் பாதியாக்குவேன். பாதித் தட்டுக் காய்கறியில் மட்டும் கை வைக்க வேண்டாம். இழைபோல் இருப்பதால் தட்டு முழுவதையும் நிரப்பிச் சாப்பிடும் பழக்கம்தான் பாஸ்தாவின் உண்மையான ஆபத்து.

அடுப்பில்

பெரிய பாத்திரம், நிறையத் தண்ணீர். பயறில் உள்ள சப்போனின் என்ற பொருள் சோப்புபோல் நுரைக்கும். சிறிய பாத்திரம் என்றால் அடுப்பு முழுக்கப் பொங்கி வழியும். பொட்டலம் சொல்லும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே ஓர் இழையைக் கடித்துப் பாருங்கள். நடுவில் சற்று உறுதி இருக்கும்போதே வடித்துவிட வேண்டும்.

மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ் செய்ய நினைப்பவர்கள் சோயாப் பாஸ்தாவையே வாங்குங்கள். அதன் ரப்பர் போன்ற உறுதியைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். ஆனால் வாணலியில் மிளகாய்ச் சாந்து, தக்காளி, தௌகே என்ற பயறு முளையோடு அதிக தீயில் புரட்டும்போது அந்த உறுதிதான் காப்பாற்றுகிறது. பருப்புப் பாஸ்தா அந்தப் புரட்டலில் துண்டுதுண்டாகிவிடும். அதற்குக் குழம்பு பாணிதான் சரி: தக்காளி, பூண்டு, மிளகு போட்ட கெட்டிச் சாற்றைத் தட்டில் பாஸ்தாவின் மேல் ஊற்றிக்கொள்ளலாம். பால், கிரீம் சேர்த்த வெள்ளைச் சாறு இதற்குப் பொருந்தவில்லை என்பது என் நாக்கின் தீர்ப்பு. பயறின் பச்சை வாசனையை அது மறைக்காமல் தூக்கிக் காட்டுகிறது. புளிப்பும் காரமும்தான் அந்த வாசனையை அடக்குகின்றன.

யார் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்

பயறில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. சிறுகுடலில் செரிக்காத இவற்றைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் உண்டு வாயு உண்டாக்கும். நாளொன்றுக்கு 10 கிராம் நார் சாப்பிட்டுப் பழகியவர் ஒரே வேளையில் சோயாப் பாஸ்தாவின் 15 கிராமை இறக்கினால் வயிறு பேசத்தான் செய்யும். முதலில் பாதிக்குப் பாதி கோதுமைப் பாஸ்தாவோடு கலந்து தொடங்குவது நல்லது. வேகவைக்கும் நேரம் வேறுபடும் என்பதால் தனித்தனியாக வேகவைத்துக் கலக்குங்கள்.

குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோயாளிகளுக்குப் பயறு பாஸ்தா நல்ல வழி, பொருள்பட்டியலில் கோதுமை இல்லாதவரை. சோயா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு எடமாமேயும் சோயாதான் என்பது நினைவில் இருக்கட்டும்.

சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, புரதத்தையும் பொட்டாசியத்தையும் அளந்து சாப்பிடச் சொல்லப்பட்டவர்களுக்கு 40 கிராம் புரதம் என்பது விளம்பரம் சொல்வதுபோல் நற்செய்தி அல்ல. நீண்டகால நீரிழிவில் சிறுநீரகப் பாதிப்பும் சேர்ந்து வருவது வழக்கம் என்பதால், இந்தப் பொட்டலத்தைத் தேடிப் போகிறவர்களிலேயே அதைத் தவிர்க்க வேண்டியவர்களும் இருப்பார்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், கிளிபிசைட் போன்ற இன்சுலின் சுரப்பைத் தூண்டும் மாத்திரை எடுப்பவர்களும் 55 கிராம் கார்போஹைட்ரேட் சாப்பிட்ட வேளையில் திடீரென்று 11 கிராமுக்கு இறங்கினால், மருந்து அதே அளவில் இருக்கச் சர்க்கரை மட்டும் அளவுக்கு மீறிக் குறைந்துவிடலாம். வியர்வை, நடுக்கம், தலைசுற்றல் அதன் அறிகுறிகள். இவர்கள் மாறுவதற்கு முன் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடமோ உணவியல் வல்லுநரிடமோ பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படமெடுத்துக் காட்டி, மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.